பாங்காக், ஹாங்காங், சிங்கப்பூர்: எந்த ஊருக்கு எந்த லென்ஸ்?

பெங்களூர் அல்சூரில் மாமியார் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து, அதன்மேல் ஐந்து லென்ஸ்களை வரிசையாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் என் மைத்துனன். 16-35, 24-105, 35, 85, 70-200. எல்லாம் எம்எம் கணக்கு: எண் சிறுத்தால் பார்வை அகலம், பெருத்தால் தூரத்தில் இருப்பது பக்கத்தில் வரும்; கோடு போட்ட இரட்டை எண் என்றால் ஜூம். ஐந்தையும் கேமராவோடு பையில் போட்டுத் தூக்கினால் நாலரைக் கிலோ வருகிறது. நவம்பர் கடைசியில் அவனுக்கு ஐந்து நாள் விடுப்பு. பாங்காக், ஹாங்காங், சிங்கப்பூர் மூன்றில் ஒன்றுக்குப் போவது என்பது வரைக்கும் முடிவாகியிருந்தது.

"மாமா, மூணு ஊருக்கும் நீங்க போயிருக்கீங்க. லென்ஸ் எதுன்னு சொல்லுங்க, ஊரை நான் பாத்துக்கிறேன்" என்றான்.

எனக்கு அது தலைகீழாகப் பட்டது. லென்ஸுக்கு முன்னால் ஊர், ஊருக்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவருக்கு எவ்வளவு பக்கத்தில் போய் நின்று உன்னால் படம் எடுக்க முடியும்? பத்தடியா, இருபத்தைந்து அடியா? கட்டடமும் வானமும்தான் உனக்கு வேண்டும் என்றால் கதை வேறு. ஆனால் தெருவும் மனிதர்களும் வேண்டும் என்றால், இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் லென்ஸ் எடுத்துப் போகிறவர்கள் எல்லா ஊரிலும் ஒரே படத்தைத்தான் எடுத்து வருகிறார்கள்: தூரத்திலிருந்து எடுத்த முதுகுகள்.

விடை தெரிந்துகொள்ளப் பாங்காக் போக வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலரை மணிக்கு அவனைக் கே.ஆர். மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனேன்.

பூ மார்க்கெட்டில் ஒரு பரிசோதனை

பெங்களூரில் கேமரா வைத்திருக்கும் எல்லோருக்கும் அந்த மாடி தெரியும். மேலே ஏறி எட்டிப்பார்த்தால் கீழே மஞ்சள் சாமந்தியும் சிவப்பு ரோஜாவும் கோணி நிறையக் குவிந்திருக்கும், நடுவில் தலைகள் மட்டும் நகரும். முதல் அரைமணி நேரம் அவன் 85-ஐயும் 70-200-ஐயும் மாற்றி மாற்றிப் போட்டு மேலிருந்து எடுத்தான். படங்கள் அழகாகத்தான் வந்தன. ஆனால் நூறு பேர் எடுத்த அதே படங்கள்.

அப்புறம் அந்த இரண்டையும் பையில் போடச் சொல்லி, 35-ஐ மட்டும் மாட்டிக் கீழே இறக்கினேன்.

இங்கே கொஞ்சம் கணக்குச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லா முடிவும் இதில்தான் நிற்கிறது. முழு அளவு சென்சார் (ஃபுல் ஃபிரேம்) உள்ள கேமராவைப் படுக்கைவாக்கில் பிடித்து, நிற்கிற ஒருவரைத் தலை முதல் கால் வரை, மேலும் கீழும் கொஞ்சம் இடம் விட்டு எடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 35 எம்எம் என்றால் பத்து, பதினோரு அடி தள்ளி நிற்க வேண்டும். 50 என்றால் பதினைந்து அடி. 85 என்றால் இருபத்தைந்து அடிக்கு மேல். 200 என்றால் அறுபது அடி. உட்கார்ந்து பூ கட்டுகிறவரை இடுப்புக்கு மேல் எடுக்க 35-க்கு ஐந்தடி போதும், 85-க்குப் பதினொன்று பன்னிரண்டு அடி வேண்டும்.

மார்க்கெட் சந்தின் அகலமே நாலைந்து அடிதான். பன்னிரண்டு அடி தள்ளி நின்றால் உங்களுக்கும் அந்த அம்மாவுக்கும் நடுவில் மூட்டைக்காரர், டீக்காரர், பேரம் பேசுகிறவர் என்று ஆள் மாறி ஆள் குறுக்கே போய்க்கொண்டே இருப்பார்கள். 85 நல்ல லென்ஸ், அந்தச் சந்துக்குப் பொருந்தாத லென்ஸ். அவ்வளவுதான் விஷயம்.

35-ஐ வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் அவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கேமராவைத் தூக்குவான், யாராவது நிமிர்ந்து பார்த்தால் இறக்கிவிடுவான். கடைசியில் கதம்பம் கட்டிக்கொண்டிருந்த ஒரு அக்கா அவரே பேசினார். "படம் புடிக்கிறதுன்னா புடிச்சிக்கோ, வழியில நிக்காதே, மூட்டை வருது பாரு" என்றார். மார்க்கெட்டில் பாதிப் பேருக்குத் தமிழ் வரும், நல்லவேளை. இவன் அவர் பக்கத்தில் கோணி ஓரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். ஈரமான வாழைநாரை இடது கைக் கட்டைவிரலில் சுற்றி, இரண்டு மல்லி, ஒரு கனகாம்பரம், ஒரு கிள்ளு மரிக்கொழுந்து, ஒரு முடிச்சு. மறுபடி இரண்டு மல்லி. கட்டைவிரல் நகத்தில் பச்சைக் கறை ஏறியிருந்தது. மேலே ஒற்றை எல்இடி பல்பு. மூன்றடி தூரத்தில் உட்கார்ந்து ஏழெட்டுப் படம் எடுத்தான், இரண்டு முழம் பூவும் வாங்கினான்.

திரும்பி வரும் வழியில் அவனே சொன்னான்: "மேல எடுத்ததெல்லாம் மார்க்கெட் படம் மாமா. இது அந்த அக்கா படம்."

வெளிச்சக் கணக்கு

அதே இடத்தில் இன்னொன்றையும் பார்த்தோம். அந்த ஒற்றை பல்பு வெளிச்சத்தில் 35-ஐ எஃப் 1.8-இல் (லென்ஸின் திறப்பு, எண் சிறுத்தால் வெளிச்சம் கூடும்) திறந்து வைத்தால் ஐஎஸ்ஓ 1600-இல் (சென்சாரின் ஒளியுணர்வு, எண் ஏற ஏறப் படத்தின் தரம் குறையும்) 1/125 நொடி ஷட்டர் வேகம் கிடைத்தது. அதே நொடியை 24-105-இன் எஃப் 4-இல் பிடிக்க ஐஎஸ்ஓ 8000-க்குப் போக வேண்டியிருந்தது. எஃப் 4-க்கும் எஃப் 1.8-க்கும் உள்ள வித்தியாசம் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு வெளிச்சம். இன்றைய கேமராக்கள் 8000-ஐத் தாங்கும், உண்மைதான். ஆனால் மல்லியின் வெள்ளையில் இருக்கும் மெல்லிய சாயல்களும், தோலின் நிறமும் அங்கே கொஞ்சம் கரைந்துபோகும். லென்ஸில் உள்ள ஸ்டெபிலைசர் உங்கள் கை நடுக்கத்தை நிறுத்தும். பூ கட்டும் விரலை நிறுத்தாது.

ஆசிய நகரங்களின் நல்ல நேரமெல்லாம் விடியலுக்கு முன்பும் அஸ்தமனத்துக்குப் பின்பும்தான். அதனால் பையில் ஒரு லென்ஸாவது எஃப் 2-க்குக் கீழே திறக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பாங்காக்

மூன்று ஊரிலும் என் மனசு பாங்காக் பக்கம்தான், அதை மறைக்கவில்லை. காரணம் பாக் க்ளாங் தலாத். சாவ் பிரயா ஆற்றங்கரையை ஒட்டிய பூ மார்க்கெட். இரவு முழுக்க நடக்கும், நள்ளிரவு தாண்டியதும் லாரிகளில் பூ வந்து இறங்க ஆரம்பித்தால் விடியும் வரை ஓயாது. துலுக்கச் சாமந்தி மூட்டை மூட்டையாக, ஆர்க்கிட் கட்டுக் கட்டாக, தாமரை மொட்டுகள் பத்துப் பத்தாக. அவர்கள் கோக்கும் மாலைக்குப் பெயர் 'புவாங் மாலை'. காதில் விழும்போது நம் மாலையேதான். ஊசியில் மல்லி மொட்டைக் கோத்து இழுக்கிற அந்தப் பெண்களைப் பார்க்கும்போது கே.ஆர். மார்க்கெட்டில் பழகிய கண்ணுக்கு எங்கே நிற்பது, எந்தக் கணத்துக்குக் காத்திருப்பது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மொழி தெரியாது, கேமராவைக் காட்டி, தலையை லேசாகச் சாய்த்து, சிரித்தால் பெரும்பாலும் சரி என்பார்கள். வேண்டாம் என்று கை ஆட்டினால் வணக்கம் சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். 2019-இல் திறந்த சனாம் சாய் மெட்ரோ நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனால் மெட்ரோ ஓடாத நேரத்தில்தான் மார்க்கெட் உச்சத்தில் இருக்கும் என்பதால், நடந்து போகிற தூரத்தில் அறை எடுப்பது நல்லது.

இங்கே 35 தான். வேறு பேச்சே இல்லை. குழல் விளக்கின் பச்சைச் சாயல் முகத்தில் விழும். RAW என்கிற மூலக் கோப்பாக எடுத்தால் பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

யாவராட் என்கிற சீனத்தெரு இதற்கு நேர்மாறு. சாலை அகலம், கூட்டம் அதிகம், தலைக்கு மேலே ஒன்றன்பின் ஒன்றாகச் சீன எழுத்துப் பலகைகள். 35-இல் எடுத்தால் பலகைகள் சிறுத்துப்போய் வானம் மட்டும் மிஞ்சும். 85-ஐ மாட்டி, சாலையின் வளைவு தெரிகிற இடத்தில் நின்றால் பலகைகள் அத்தனையும் அடுக்கி வைத்த மாதிரி நெருங்கி வரும். வாத் அருண் கோயிலுக்கும் 85 தான். கோயில் ஆற்றின் மேற்குக் கரையில் இருப்பதால், மாலையில் கிழக்குக் கரையில் தா தியேன் படித்துறைப் பக்கம் நிற்க வேண்டும். சூரியன் கோபுரத்துக்குப் பின்னால் இறங்கும். நவம்பர் கடைசியில் ஆறு மணிக்கு முன்பே இறங்கிவிடும், ஐந்து மணிக்கே இடம் பிடியுங்கள். சூரியன் மறைந்தவுடன் எல்லோரும் கிளம்புவார்கள். நீங்கள் கிளம்பாதீர்கள். விளக்கு போட்டபின், வானம் நீலமாக இருக்கும் அந்தக் கால் மணி நேரம்தான் படம்.

தலாத் நோய் சந்துகளில் பழைய எஞ்சின் பாகங்களைக் குன்றுபோலக் குவித்து வைத்திருக்கும் கடைகள் உண்டு. பெங்களூர் எஸ்.பி. ரோடில் அலைந்தவர்களுக்கு அந்த எண்ணெய் வாசனையே வழிகாட்டும். பகலில், 35-இல் எடுக்கலாம்.

சீலோமில் 'வாத் கேக்' என்று ஊரார் அழைக்கும் ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலைத் தமிழர்கள் 19-ஆம் நூற்றாண்டில் கட்டினார்கள். வாசலில் பூத்தட்டு விற்கும் கடைகளில் தாய்லாந்துக்காரர்கள் மாரியம்மனுக்கு மாலை வாங்கிக்கொண்டிருப்பதைப் பார்க்க எனக்குக் கண் கலங்கியது. உள்ளே கேமராவைத் தூக்காதீர்கள். வாசலே போதும்.

ஒரு எச்சரிக்கை, பட்டுத் தெரிந்துகொண்டது. முதல் தடவை போனபோது ஏசி அறையிலிருந்து நேராக இறங்கி விடியற்காலை மார்க்கெட்டுக்குப் போனேன். வெளியே வந்ததும் லென்ஸ் முழுக்கப் பனி மூடிவிட்டது. துடைத்தால் மறுபடி மூடியது. இருபது நிமிடம் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அதன் பிறகு எந்த ஊரிலும் ராத்திரி படுக்குமுன் கேமராப் பையின் ஜிப்பை இறுக மூடி, ஏசி காற்று படாத குளியலறையில் வைத்துவிடுவேன்.

ஹாங்காங்

நவம்பர் வானிலை ஒன்றை மட்டும் வைத்துக் கேட்டால் ஹாங்காங்தான் முதலில் வரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அங்கே காற்று உலர்ந்து, வானம் தெளிந்து இருக்கும். மார்ச், ஏப்ரலில் போனால் மூடுபனியில் உச்சிக் கட்டடங்கள் காணாமல் போகும், கோடையில் சூறாவளி.

இது உயரங்களின் ஊர். நீங்கள் ஒன்று கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறீர்கள், அல்லது மேலே நின்று குனிந்து பார்க்கிறீர்கள். அதனால்தான் இங்கே மட்டும் ஜூம் லென்ஸுக்கு என் ஓட்டு. பீக் மலையில் லுகார்ட் சாலையில் நின்றால் 24 முதல் 50 வரை எல்லாமே தேவைப்படும். கீழே சிம் ஷா சூய் கரையில் நின்று துறைமுகத்துக்கு எதிரே இருக்கும் தீவை எடுக்கும்போது 16 எம்எம் போட்டால் அத்தனை பெரிய கட்டடங்களும் தீப்பெட்டி வரிசையாகிவிடும். 50, 70 போடுங்கள். அப்போதுதான் அவற்றின் கனம் தெரியும்.

மக்கள் வேண்டுமென்றால் ட்ராம் ஏறுங்கள். 1904 முதல் ஓடுகிறது. இரட்டை அடுக்கு, மேல் தளத்தின் முன் ஜன்னல் ஓரம் கிடைத்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் உட்கார்ந்தே போகலாம். எதிரே வரும் இன்னொரு ட்ராம் கை நீட்டினால் தொடும் தூரத்தில் கடக்கும். அதன் ஜன்னலில் தூங்குகிற ஒரு பெரியவர், ஃபோன் பார்க்கிற ஒரு பள்ளிச் சிறுவன். 35, 1/500 நொடி. ஸ்டார் ஃபெர்ரியும் அப்படித்தான். பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும் பயணம், நான் ஒரே நாளில் ஆறு முறை போய் வந்தேன்.

ஆனால் இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும். பழைய படங்களில் பார்த்து மயங்கிய நியான் பலகைகளைத் தேடிப் போகிறவர்களுக்கு ஏமாற்றம் காத்திருக்கிறது. கட்டடப் பாதுகாப்பு விதிகளால் பெரும்பாலானவற்றை இறக்கிவிட்டார்கள். இன்னொன்று, குவாரி பே பகுதியில் 'மான்ஸ்டர் பில்டிங்' என்று பெயர் வாங்கிய குடியிருப்பு. முற்றத்தில் நின்று அண்ணாந்து எடுக்கும் அந்தப் படத்துக்காகக் கூட்டம் கூட்டமாக வந்ததால், படம் எடுக்க வேண்டாம் என்று குடியிருப்பவர்களே பலகை வைத்தார்கள். அது அவர்கள் துணி காயப்போடும் முற்றம். நம் அடுக்குமாடிக் குடியிருப்பின் முற்றத்தில் தினமும் முந்நூறு பேர் கேமராவோடு வந்து படுத்தால் நமக்கு எப்படி இருக்கும்? நான் போகவில்லை. உங்களையும் போகச் சொல்ல மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சென்ட்ரல் பகுதி நடைமேடைகளில் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியாவிலிருந்து வந்து வீட்டு வேலை செய்யும் பெண்கள் அட்டை விரித்து உட்கார்ந்து ஒருவருக்கொருவர் தலை வாரிக்கொண்டும் சாப்பிட்டுக்கொண்டும் இருப்பார்கள். வாரத்தில் அவர்களுக்கு இருக்கும் ஒரே ஓய்வு நாள். 70-200-ஐ வைத்துத் தூரத்திலிருந்து அவர்களைத் திருடாதீர்கள். பக்கத்தில் போய்க் கேட்டால் நாலில் ஒரு கூட்டம் சரி என்கிறது, அப்புறம் சாப்பாடும் தருகிறது.

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் ஹாங்காங்குக்குப் போகுமுன் இணையத்தில் முன்பதிவு செய்துகொண்டால் 14 நாள் வரை தங்கலாம். அறை வாடகை மூன்று ஊரில் பாங்காக்கில்தான் குறைவு. ஹாங்காங்கில் கொடுக்கும் காசுக்குப் பெட்டியை விரிக்கக்கூட இடம் இருக்காது.

சிங்கப்பூர்

தமிழர்களுக்குச் சிங்கப்பூரில் ஒரு பெரிய வசதியும் ஒரு பெரிய சிக்கலும் உண்டு, இரண்டும் ஒன்றேதான்: அது வீடு மாதிரி இருக்கிறது. விமான நிலையத்தில் இறங்கியதும் தமிழ்ப் பலகை. லிட்டில் இந்தியாவின் தேக்கா மார்க்கெட்டில் முருங்கைக்காயும் வாழைப்பூவும். சிராங்கூன் சாலையில் பூக்கடைக்காரரிடம் "அண்ணே, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டால் முடிந்தது. இவ்வளவு நெருக்கம் பாங்காக்கில் வர இரண்டு நாள் ஆகும். ஆனால் கண் தூங்கிவிடும். எல்லாமே தெரிந்ததாக இருப்பதால் எதையும் பார்க்க மாட்டோம்.

அதை உடைக்க எனக்கு உதவியது மழை. பூமத்திய ரேகைக்குச் சற்று மேலே இருக்கும் ஊர், நவம்பர் டிசம்பரில் மதியத்துக்கு மேல் இடியோடு கொட்டும். பழைய கடைவீடுகளுக்கு முன்னால் ஐந்தடி அகல நடைவழி கூரையோடு ஓடுகிறது. 1822-இல் ராஃபிள்ஸ் காலத்து நகரத் திட்டத்திலேயே இதற்கு விதி போட்டிருந்தார்கள். மழை பிடித்துக்கொண்டால் தமிழர், சீனர், மலாய்க்காரர், வங்காளத் தொழிலாளி எல்லோரும் அந்த ஐந்தடிக்குள் ஒதுங்குவார்கள். எதிரே தண்ணீர் திரை. மறுபடியும் 35, மறுபடியும் ஐந்தடி.

கார்டன்ஸ் பை தி பே பூங்காவின் சூப்பர்ட்ரீகள் என்கிற செயற்கை மரங்கள் 25 முதல் 50 மீட்டர் உயரம்; இரவு 7.45-க்கும் 8.45-க்கும் ஒளிக்காட்சி. இதற்காக 16-35-ஐச் சுமக்கத் தேவையில்லை, காரணத்தைக் கீழே சொல்கிறேன். அந்தி இங்கே சீக்கிரம் முடியும், சூரியன் இறங்கிய இருபது நிமிடத்தில் இருட்டிவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஒரே மாலையில் இரண்டு இடம் என்று திட்டம் போட்டால் இரண்டும் போய்விடும்.

உண்மையில் சிங்கப்பூருக்குப் படம் எடுக்கவே போவதாக இருந்தால் நவம்பர் கடைசியை விட்டுவிட்டுத் தைப்பூசத்துக்குப் போங்கள். சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டாங்க் சாலை தண்டாயுதபாணி கோயில் வரை காவடி நடந்து வரும். அல்லது தீபாவளிக்கு முன் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் தீமிதிக்கு. 1827-இல் எழுந்த கோயில் அது.

கோலாலம்பூர், ஹனோய், டோக்கியோ ஏன் இல்லை என்று கேட்கலாம். டோக்கியோவுக்கு ஐந்து நாள் போதாது. வீடுகளை உரசிக்கொண்டு ரயில் போகும் ஹனோய் ரயில் தெருவை அதிகாரிகள் பலமுறை மூடியிருக்கிறார்கள், அந்த ஒரு படத்தை நம்பிப் போகக் கூடாது. கோலாலம்பூருக்குப் பத்துமலைக்காக மட்டும் தனியாகப் போய் வரலாம்.

பாயில் இருந்த ஐந்து லென்ஸ்கள்

16-35 வீட்டில் இருக்கட்டும். உங்கள் சட்டைப் பையில் இருக்கும் ஃபோனின் முதன்மைக் கேமராவே 24 முதல் 26 எம்எம் பார்வைதான். அகலக் கேமராவோ அதைவிடவும் அகலம். கட்டடம் முழுசாக வேண்டும், ஒளிக்காட்சி முழுசாக வேண்டும் என்கிற இடங்களில் ஃபோன் எடுத்துவிடும். அரைக் கிலோ மிச்சம்.

70-200-உம் வேண்டாம். எஃப் 2.8 லென்ஸ் ஒரு கிலோவைத் தாண்டும். ஹாங்காங்கில் மட்டும் கட்டட ஜன்னல்களை அடுக்கி எடுக்க அது பயன்படும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதைத் தோளில் மாட்டிய மனிதர் கூட்டத்துக்குள் நுழையும்போதே எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அதைவிட மோசம், நீங்கள் பக்கத்தில் போகவே மாட்டீர்கள். தூரமாக நிற்க அது ஒரு சாக்கு.

மிச்சம் மூன்று. 24-105 எழுநூறு கிராம் சுற்றி, 35 முந்நூறு, 85 நாநூறு ஐந்நூறு. பாங்காக் என்றால் 35, 85. இரண்டும் சேர்ந்து ஜூமின் எடைக்குச் சற்று மேலே, வெளிச்சம் ஐந்து மடங்கு. ஹாங்காங் என்றால் 24-105, கூடவே இரவுக்கு 35. சிங்கப்பூர் தனியாகப் போனால் 35 ஒன்றே போதும் என்பேன். வீட்டுப் பெரியவர்களோடு போனால் 24-105 மட்டும். அத்தை சாப்பிடக் கூப்பிடும்போது லென்ஸ் மாற்றிக்கொண்டிருக்க முடியாது.

சிறிய சென்சார் (ஏபிஎஸ்-சி) கேமரா வைத்திருப்பவர்கள் இந்த எண்களை ஒன்றரையால் வகுத்துக்கொள்ளுங்கள்: 35-க்குப் பதில் 23, 85-க்குப் பதில் 56. ஒரே லென்ஸில் முடிக்க வேண்டும் என்றால் சிக்மாவின் 18-50 எஃப் 2.8, முந்நூறு கிராமுக்கும் குறைவு. கேமராவோடு வந்த 18-55-ஐ விட இரவில் அது எவ்வளவோ மேல்.

புதிதாக வாங்குமுன் பெங்களூரில் வாடகைக்கு எடுத்து ஒரு வார இறுதி பாருங்கள். ஆனால் வெளிநாட்டுக்கு எடுத்துப்போகலாமா என்று கடையில் தெளிவாகக் கேட்டுவிடுங்கள். நான் கேட்ட கடையில் கூடாது என்றுவிட்டார்கள். சொந்தக் கேமராவாக இருந்தாலும் விலை உயர்ந்தது என்றால், கிளம்பும்போது விமான நிலையச் சுங்கத்துறையில் வரிசை எண்களைக் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது இது இங்கேயிருந்து கொண்டுபோனதுதான் என்று யாரிடமும் வாதாட வேண்டியிருக்காது. பேட்டரிகள் கைப்பையில்தான், செக்-இன் பெட்டியில் போடக் கூடாது.

அவன் பாங்காக்குக்கு டிக்கெட் போட்டுவிட்டான். 35, 85. அத்தையைக் கூட்டிக்கொண்டு சிங்கப்பூர் தைப்பூசத்துக்குப் போவது இன்னொரு தடவை.

போன ஞாயிறு மறுபடி கே.ஆர். மார்க்கெட் போனோம். எடுத்ததில் நல்லதாக ஒன்றைப் பிரிண்ட் போட்டு அந்த அக்காவிடம் கொடுத்தான். நாரும் மல்லியும் பச்சைக் கறை படிந்த கட்டைவிரலும் மட்டும் இருந்த படம். ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார். திருப்பியும் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குது. மூஞ்சி எங்கேப்பா?"

இவன் 35-ஐ மாட்டிக்கொண்டு கோணி ஓரமாக இன்னும் ஒரு அடி நகர்ந்து உட்கார்ந்தான். அக்கா முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டு நேராகக் கேமராவைப் பார்த்தார்.